கடைக்கண்ணும் வீட்டுக்கண்ணும்

டி.வி. கடைச் சுவரில் இருபது முப்பது திரைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் ஒரே படம்: பவளப்பாறை மீன்கள், பனித்துளி சொட்டும் மலர், இரவு நகரத்தின் விளக்குகள். வாங்க வந்தவர் சில நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றைக் கைகாட்டுவார். பெரும்பாலும் அது சுவரிலேயே மிக வெளிச்சமானது. வெள்ளையில் லேசாக நீலம் ஓடுவது. சிவப்பும் பச்சையும் பொங்கி வழிவது. அதே ஆளை அதே திரையோடு ஓராண்டு வாழவிட்டுக் கேளுங்கள். ராத்திரியில் கண் கூசுகிறது, மேட்ச் பார்க்கும்போது மைதானத்தில் அழுக்குப் பட்டை ஓடுகிறது, பகலில் படத்தைவிட எதிர்ச் சன்னல்தான் நன்றாகத் தெரிகிறது என்பார். வாங்கும்போது சொன்ன காரணங்களில் ஒன்றுகூட இப்போது அவர் பேச்சில் இராது.

திரையின் காட்சித் தரத்தைப் பயனர் எப்படி எடைபோடுகிறார் என்ற கேள்வியை உளவியலாளர்களும் தொலைக்காட்சிப் பொறியாளர்களும் பார்வையியல் ஆய்வாளர்களும், ஏன், ஒரு தொழிற்சங்கமும்கூட, வெவ்வேறு திசையிலிருந்து அணுகியிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துவைத்துப் படிக்கையில் எனக்குப் புலப்படுவது இது: ஆய்வகங்கள் அளந்தது பெரும்பாலும் சில நொடிப் பார்வையில் பிறக்கும் தீர்ப்பை. மாதக்கணக்கில் மெல்லத் திரளும் இரண்டாவது தீர்ப்பு அவற்றின் அளவைகளுக்குள் அரைகுறையாகவே வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் இடங்கள் ஏராளம்.

முதலில் வெளிச்சம். மிக வெளிச்சமான திரையைத் தேர்வது வாங்குபவரின் அறியாமை என்று ஒதுக்க முடியாது. வெளிச்சம் கூடும்போது அதே நிறம் இன்னும் செறிவாகத் தெரியும் என்பதை ஆர்.டபிள்யூ.ஜி. ஹன்ட் 1952இல் காட்டினார். எஸ்.எஸ். ஸ்டீவன்ஸின் பெயரால் வழங்கும் இன்னொரு விளைவின்படி, வெளிச்சம் ஏற ஏற இருளுக்கும் ஒளிக்கும் உள்ள இடைவெளியும் அகன்றுவிட்டதாகக் கண் உணரும். ஆக, பின்விளக்கை மட்டும் ஏற்றினால் போதும். நிறமும் கான்ட்ராஸ்ட்டும் செலவில்லாமல் கூடிவிடும். தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வழக்கமான, அதாவது எச்டிஆர் அல்லாத, நிகழ்ச்சிகளை ஸ்டுடியோவில் மங்கலான அறையில் உட்கார்ந்து, உச்ச வெளிச்சம் 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு), வெள்ளை ஏறத்தாழ 6,500 கெல்வின் என்று வைத்துச் சரிசெய்கிறார்கள். கடையில் ஓடும் 'விவிட்' நிலையில் அந்த 100 நிட் பல மடங்காகிறது. வெள்ளை 10,000 கெல்வினையும் தாண்டி நீலத்துக்குப் போகிறது. ஒரு கரண்டிப் பாயசத்தில் தித்திப்புக் கூடியதே ஜெயிக்கும்; தம்ளர் நிறையக் குடிக்கும்போதுதான் திகட்டும். புதுப் பெட்டியை முதன்முதலில் இயக்கினால் 'வீடா, கடையா' என்று கேட்கும் திரைகள் இன்று பல உண்டு. கண்கள் இரண்டு வகை என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட இடம் அது.

மனிதத் தீர்ப்பை எண்ணாக்கும் முயற்சி திரைகளுக்கு முந்தியது. 1860இல் குஸ்தாவ் ஃபெக்னர், புலன் உணர்வை அளக்க முடியும் என்று ஒரு பெரிய நூலே எழுதினார். 1927இல் லூயி தர்ஸ்டன் அதை இன்னும் கைக்கடக்கமாக்கினார். "இது எவ்வளவு நன்றாக இருக்கிறது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "இந்த இரண்டில் எது நன்று?" என்று பலரிடம் கேட்டால், எத்தனை பேர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதிலிருந்தே இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். பாதிக்குப் பாதி பிரிந்தால் தூரமே இல்லை. ஏறத்தாழ எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் தூரம் பெரிது. கடைச் சுவரும் ஒருவகையில் தர்ஸ்டனின் சோதனைதான், கட்டுப்பாடு இல்லாத சோதனை.

கட்டுப்பாட்டோடு நடத்துவது எப்படி என்பதற்குத் தொலைக்காட்சி உலகம் ஓர் ஆவணம் வைத்திருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.500 என்ற பரிந்துரை 1974இல் பிறந்தது; பலமுறை திருத்தப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி, படத்துறையோடு தொழில் தொடர்பில்லாத குறைந்தது 15 பேரைக் கூட்டிவர வேண்டும். அவர்களின் கண்கூர்மையையும் நிறப் பார்வையையும் முதலில் சோதிக்க வேண்டும். அறை வெளிச்சம், உட்காரும் தூரம், பின்சுவரின் ஒளி எல்லாம் வரையறுக்கப்பட்டவை. ஏறத்தாழ 10 நொடிக் காட்சிகள், இடையே சாம்பல் நிறத் திரை, பிறகு ஐந்து படி மதிப்பெண்: மிகச் சிறப்பு, நன்று, பரவாயில்லை, சுமார், மோசம். எல்லோருடைய எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் அந்தப் படத்தின் தரம்.

இந்த முறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது இல்லாவிட்டால் படச் சுருக்க நுட்பங்களில் ஒன்றுக்குப் பின் ஒன்று தேறியிருக்காது. ஆனால் அது பிறந்ததே ஒளிபரப்பு அலையில் வரும் சேதத்தை அளக்க. வீட்டில் இருக்கும் திரையை அளக்க அல்ல. எஸ்எஸ்ஐஎம் (2004), நெட்ஃபிளிக்ஸ் 2016இல் வெளியிட்ட விமாஃப் போன்ற கணித அளவைகளும் இதே வழியில் வந்தவை. கோப்புக்குள் இருக்கும் படத்தை அவை சோதிக்கும். அதை எந்தத் திரையில், எந்த அறையில், எந்த வயதுக் கண் பார்க்கப்போகிறது என்பதைப் பெரும்பாலும் ஓர் அனுமானமாகவே வைத்துக்கொள்ளும். அண்மையில் கேம்பிரிட்ஜின் ரஃபால் மன்டியூக் குழு உருவாக்கிவரும் அளவைகள்தாம் திரையின் வெளிச்சம், அளவு, பார்க்கும் தூரம் எல்லாவற்றையும் கணக்கில் கேட்கின்றன.

பத்து நொடி என்ற வரம்பைத் தாண்டினாலே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 1990களில், நீளமான காட்சி ஓடும்போதே பார்ப்பவர் ஒரு நகர்த்துப் பிடியால் தொடர்ந்து மதிப்பெண் தரும் முறை வந்தது. அதோடு வந்த கண்டுபிடிப்பு: மொத்தத்துக்கு மதிப்பெண் கேட்டால் மனிதர் சராசரி எடுப்பதில்லை. மிக மோசமான கணமும் கடைசியில் பார்த்த துண்டும் மற்றதையெல்லாம் அமுக்கிவிடுகின்றன. 1995இல் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே சேதத்தைக் காட்சியின் தொடக்கத்திலும் இறுதியிலும் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இறுதியில் வைத்தபோது மதிப்பெண் அதிகமாகச் சரிந்தது. மூன்று மணி நேரப் படத்தின் க்ளைமாக்ஸில் ஸ்ட்ரீமிங் கட்டம் கட்டமாக உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்கரான பீட்டர் எங்கெல்ட்ரம் இந்தக் குழப்பத்தை ஒரு வட்டமாக வரைந்து தெளிவாக்கினார். பொறியாளர் கையிலுள்ள தொழில்நுட்பத் தேர்வுகள் ஒரு புள்ளி. கருவியால் அளக்கக்கூடிய இயற்பியல் அளவுகள் அடுத்தது. பார்ப்பவர் உணரும் கூர்மை, பளிச்சிடல், வண்ணச் செறிவு மூன்றாவது. கடைசியில் வாடிக்கையாளரின் ஒற்றைத் தீர்ப்பு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடுத்ததற்குப் போக ஒரு பாலம் வேண்டும். விளம்பரங்கள் முதல் புள்ளியிலிருந்து நேரே கடைசிக்குத் தாவுகின்றன: இத்தனை பிக்சல், அதனால் இத்தனை அழகு. நடுவில் உள்ள இரண்டையும் கடக்காமல் அந்தத் தாவல் செல்லாது என்பதே எங்கெல்ட்ரம் சொன்னது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் கோட்டே நியூமன் குழு இன்னும் ஒரு படி போய், மதிப்பெண்ணோடு காரணத்தையும் பார்ப்பவரின் சொந்தச் சொற்களிலேயே கேட்டது. ஒரே தொழில்நுட்ப மாற்றத்துக்குப் படத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு காரணங்கள் வந்தன. சராசரி எண்ணுக்குள் இந்தக் காரணங்கள் எல்லாம் காணாமல் போகின்றன.

பிக்சல் என்றதும் அதை முடித்துவிடலாம், ஏனென்றால் கண்ணுக்கு உறுதியான எல்லை உள்ள இடம் அதுதான். ஆர்சிஏ நிறுவனத்தின் ஆட்டோ ஷேட் 1950களில் கண்ணையே ஒரு லென்ஸ் போல அளந்தார். கேம்பிரிட்ஜில் ஃபெர்கஸ் கேம்பலும் ஜான் ராப்சனும் 1968இல் அந்த அளவை உறுதியாக்கினார்கள். கண் மிகவும் கூர்மையாக உணர்வது மிக நுண்ணிய கோடுகளை அல்ல. பார்வைக்கோணத்தின் ஒரு பாகைக்கு மூன்று முதல் ஐந்து சுற்று வரை வரும் நடுத்தரக் கோடுகளைத்தான். நெதர்லாந்தின் பீட்டர் பார்ட்டன் இந்த வளைகோட்டைச் சமன்பாடாக்கினார். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரநிலை 0.05 முதல் 4,000 நிட் வரையிலான வெளிச்சத்தை 1,023 கண்ணுணர் படிகளாகப் பிரிப்பதும், 2014இல் வந்த எச்டிஆர் படங்களுக்கான குறியீடு 10,000 நிட் வரை நீள்வதும் பார்ட்டனின் கணக்கை வைத்துத்தான். எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரும் ஓடிடியில் படம் பார்ப்பவரும் ஒரே சமன்பாட்டின் நிழலில் இருக்கிறார்கள்.

2010இல் ஐபோன் 4 வந்தபோது, கையில் பிடிக்கும் தூரத்தில் அங்குலத்துக்கு 300 பிக்சல் தாண்டினால் கண்ணால் பிரித்தறிய முடியாது என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். இயல்பான பார்வைக்கு ஒரு பாகைக்கு 60 பிக்சல் என்ற பழைய கணக்கோடு அது ஒட்டியே வருகிறது. 2025இல் மன்டியூக் குழுவும் மெட்டா நிறுவன ஆய்வாளர்களும் நேரடியாக அளந்து பார்த்தபோது, கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்குச் சராசரி எல்லை 94 என்று உயர்ந்தது. சிவப்பு பச்சைக்கு 89. மஞ்சள் ஊதாவுக்கு வெறும் 53. இப்போது நம் கூடத்தில் மாட்டும் 43 அங்குல டி.வி.யைக் கணக்கிடுவோம். முழு எச்டி திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பாகைக்கு 88 பிக்சல் வருகிறது. எல்லையை ஏற்கெனவே நெருங்கியாயிற்று. 4கே வாங்கினால் 176. கூடுதலாக வந்ததில் பெரும்பகுதி கண்ணுக்குள் போகவே போகாது. வார்னர் பிரதர்ஸ் முன்னின்று நடத்தி 2020இல் முடிவு வெளியிட்ட ஒரு சோதனையில் 88 அங்குலத் திரையில் 139 பேருக்கு 4கே, 8கே இரண்டையும் அடையாளம் சொல்லாமல் காட்டினார்கள். பெரும்பாலோருக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஆனாலும் கடையில் 4கே பெட்டி நன்றாகத் தெரிவது பொய்யல்ல: அங்கே அரை மீட்டரில் நின்று பார்க்கிறோம். தவிர, 4கே என்று ஒட்டிவரும் பெட்டியில் பேனலும் பட நுட்பமும் பொதுவாக மேலானவையாக இருக்கும். பாராட்டு பிக்சலுக்குப் போய்விடுகிறது.

கான்ட்ராஸ்ட் கதை இதைவிட மோசம். பத்து லட்சத்துக்கு ஒன்று என்று பெட்டியில் அச்சிடுவார்கள். அது முழு இருட்டறையில் எடுத்த அளவு. குழல் விளக்கு எரியும் அறையில் திரைமேல் 200 லக்ஸ் ஒளி விழுகிறது, திரை அதில் நூற்றில் ஒரு பங்கைச் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 'கறுப்பு' என்பது 0.64 நிட் ஆகிவிடும். உச்ச வெளிச்சம் 400 நிட் என்றாலும் மிஞ்சுவது ஏறத்தாழ 630க்கு ஒன்று. பத்து லட்சம், அறை விளக்கைப் போட்டதும் அறுநூற்று முப்பது. எனவே பகலில் டி.வி. பார்க்கும் வீட்டில் கறுப்பின் ஆழத்தைவிட, கண்ணாடிப் பூச்சின் தரமே பெரிது. அதைக் கடையில் கேட்பவரை நான் கண்டதில்லை. இருட்டிலோ வேறு சிக்கல்: சுற்றுப்புறம் இருண்டிருந்தால் அதே படத்தின் கான்ட்ராஸ்ட் குறைந்ததுபோலக் கண்ணுக்குப் படும் என்று பார்டில்சனும் பிரேன்மனும் 1967இல் காட்டினார்கள். திரையரங்குப் படத்தை வேண்டுமென்றே கூடுதல் கான்ட்ராஸ்ட்டோடு தயாரிப்பது அதனால்தான்.

*

நிறம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கருவி சொல்வதும் கண் சொல்வதும் அதிகம் பிரியும் இடம் அது.

கோடக் நிறுவனத்தில் இருந்த அதே பார்டில்சன் 1960இல் ஓர் எளிய சோதனை செய்தார். புல், வானம், தோல் போன்ற பழகிய பொருள்களின் நிறத்தை நினைவிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார். நினைவிலிருந்த நிறங்கள் பொதுவாக உண்மையான நிறங்களைவிடச் செறிவாக இருந்தன. மனதில் இருக்கும் புல் வயலில் இருக்கும் புல்லைவிடப் பச்சை. திரையைப் பார்ப்பவர் ஒப்பிடுவது இந்த மனப்புல்லோடுதான். அசல் புல் அறைக்குள் இல்லையே. ஐந்தோவனில் பிலிப்ஸோடு இணைந்திருந்த புலனுணர்வு ஆய்வு நிலையத்தில் ஹூய்ப் டி ரிடரும் எலெனா ஃபெடரோவ்ஸ்கயாவும் 1990களில் இதை நுட்பமாகத் தொடர்ந்தார்கள். ஒரே புகைப்படத்தின் வண்ணச் செறிவைப் படிப்படியாக மாற்றி, 'எது இயல்பாக இருக்கிறது' என்று ஒருமுறையும் 'எது தரமாக இருக்கிறது' என்று ஒருமுறையும் கேட்டார்கள். இரண்டு பதிலும் நெருங்கி வந்தன, ஆனால் ஒன்றாகவில்லை. இயல்பு என்று சொன்ன படத்தைவிடச் சற்றே அதிகச் செறிவுள்ள படத்தைத் தரமானது என்றார்கள். இயல்பல்ல என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

2017 அக்டோபரில் இந்த ஆய்வக உண்மை சந்தையில் ஓர் அடி கொடுத்தது. கூகுள் தன் பிக்சல் 2 எக்ஸ்எல் போனின் திரையை எஸ்ஆர்ஜிபி தரத்துக்கு ஒட்டியதாக அடக்கமான நிறங்களோடு அனுப்பியது. பயனர்கள் வெளிறிப்போயிருக்கிறது என்று கொதித்தார்கள். அந்தத் திரைக்கு வேறு குறைகளும் இருந்தன, சாய்த்துப் பார்த்தால் நீலமடிப்பது உட்பட. ஆனால் முதலில் எழுந்த குரல் நிறம் போதவில்லை என்பதுதான். சில வாரங்களில் 'செறிவு' என்று ஒரு தெரிவை மென்பொருளில் சேர்த்தார்கள். பல ஆண்டு அமோலெட் போன்களின் பொங்கும் நிறத்தில் பழகிய கண்ணுக்குச் சரியான நிறம் பிழையாகத் தெரிந்தது. பழக்கமும் ஓர் அளவுகோல் என்பதை எந்த நிற வரைபடமும் சொல்லாது.

தோல் நிறம் மட்டும் விதிவிலக்கு. வானத்தை எவ்வளவு நீலமாக்கினாலும் பொறுத்துக்கொள்ளும் கண், முகம் கொஞ்சம் சிவந்தாலும் கண்டுபிடித்துவிடும். கோடக் தன் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டைகளில் பல்லாண்டு இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் படம். கறுத்த தோலும் மாநிறமும் சரியாக வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் பின்னால் வந்ததுதான். விவிட் நிலையில் நம் நடிகர்களின் முகம் செங்கல் நிறமாவதைக் கண்டவர்கள், அந்த நிலையைச் சரிபார்த்தவர் எந்த முகத்தை வைத்துப் பார்த்தார் என்று யோசிக்கலாம்.

வெளிச்சமானியும் கண்ணும் முரண்படும் இன்னொரு இடம் ஹெல்ம்ஹோல்ட்ஸ்–கோல்ராவ்ஷ் விளைவு. செறிந்த சிவப்பும் வெளிர்ச் சாம்பலும் கருவிக்கு ஒரே நிட் காட்டினாலும், சிவப்பு அதிக வெளிச்சமாகக் கண்ணுக்குத் தெரியும். சில ஓஎல்இடி திரைகள் சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைத் துணைப்பிக்சல் ஒன்றையும் வைத்து வெளிச்சத்தைக் கூட்டுகின்றன. உச்சத்தில் வெள்ளை ஏறும், நிறம் அதோடு ஏறாது. போட்டி நிறுவனங்கள் இந்த விளைவைச் சுட்டிக்காட்டி, 'கண் உணரும் வெளிச்சம்' எங்களுக்கே அதிகம் என்று சொல்லத் தொடங்கிவிட்டன. அறிவியல் சரி, அதை அவர்கள் நினைவுகூர்ந்த நேரம்தான் வசதியானது.

எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைத்தவை சோனி நிறுவனத்தின் ஸ்டுடியோ மானிட்டர்கள். ஓஎல்இடி மானிட்டரின் வெள்ளையைப் பழைய குழாய் மானிட்டரின் வெள்ளையோடு கருவி வைத்துத் துல்லியமாகப் பொருத்தினாலும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. காரணம், கருவிகள் நம்பியிருப்பது 1931இல் வரையறுத்த 'சராசரிப் பார்வையாளரை'. குறுகிய அலைநீளப் பட்டைகளில் ஒளி உமிழும் புதிய திரைகளில் அந்தக் கற்பனை மனிதருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு வெளியே வந்துவிடுகிறது. சோனி கடைசியில் 1951இல் ஜட் செய்த திருத்தத்தைத் துணைக்கழைத்து, கருவியின் எண்ணை வேண்டுமென்றே நகர்த்தி வைக்கச் சொன்னது. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாவதால் இந்த வேறுபாடு ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். தாத்தாவும் பேத்தியும் ஒரே திரையில் பார்ப்பது ஒரே வெள்ளை அல்ல.

*

அசைவு விஷயத்தில் தீர்ப்பு, பார்க்கும் பண்டத்தைப் பொறுத்தது. எல்சிடி, ஓஎல்இடி இரண்டுமே ஒரு படச்சட்டத்தை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்துவைத்திருக்கும். கண்ணோ நகரும் பந்தைத் தொடர்ந்து வழுக்கிச் செல்லும். நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஒரு பொருள் நகர்ந்தால், 60 ஹெர்ட்ஸ் திரையில் அது 16 பிக்சல் அகலத்துக்கு விழித்திரையில் தேய்ந்துவிடும். ஜப்பானின் என்எச்கேயைச் சேர்ந்த குரிதா 2001இல் இதைத் தெளிவாக விளக்கினார்: தேய்வது திரையில் அல்ல, கண்ணில். இதற்கு மருந்தாகத் தயாரிப்பாளர்கள் நடுவே இல்லாத சட்டங்களைக் கணித்துச் செருகினார்கள். கிரிக்கெட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்த சினிமாவைச் சீரியல் போலாக்கிவிடும். டாம் குரூஸ் 2018 டிசம்பரில் வீடியோ போட்டு இதை அணைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே அதை அணைப்பதற்கான 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது. 2012இல் 48 சட்டத்தில் வந்த 'தி ஹாபிட்' படத்தையும் பலர் மலிவாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். தொழில்நுட்பப்படி தெளிவு கூடியது, தரம் குறைந்தது. இருபத்துநான்கு சட்டம் என்பது சினிமாவின் குறையா, மணமா என்பதில் நான் மணம் என்ற கட்சி.

மனம் செய்யும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவை வேடிக்கையானவை என்றாலும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஒரே காட்சியைக் காட்டினார்கள். பாதிப் பேரிடம் இது எச்டி என்று சொல்லி, சுவரொட்டி ஒட்டி, திரைக்குத் தடிமனான கேபிளும் மாட்டிவைத்தார்கள். அந்தப் பாதிப் பேர் படம் கூடுதல் தெளிவாக இருந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் ஃபிலிப் கோர்ட்டமும் சல்லிவனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பிடித்த வகைக் காட்சி என்றால் பார்ப்பவர்கள் படத்தரத்துக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். ஒலியும் படமும் ஒன்றின் மதிப்பெண்ணை மற்றது அசைக்கும். படம் ஒலியை அசைப்பது அதிகம், ஒலி படத்தை அசைப்பது குறைவு.

எழுத்தைப் படிக்கும்போது திரை வேறு பரீட்சை எழுதுகிறது. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் கோல்ட் ஒரு புதிரைத் துரத்தினார்: காகிதத்தைவிடத் திரையில் மனிதர்கள் மெதுவாகப் படித்தார்கள். நாற்காலி, சாய்வு, அனுபவம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தும் விடை வரவில்லை. 1987இல், வெளிர்ப் பின்னணியில் கருமையான, ஓரம் மழுக்கப்பட்ட எழுத்துகளை உயர் தெளிவுத் திரையில் காட்டியபோது அந்த வேறுபாடு மறைந்தது. எந்த ஒரு காரணமும் தனியே போதவில்லை. எல்லாம் சேர்ந்தபோதுதான் போதுமானவையாயின. இன்னொரு பாடம் டார்க் மோடில் இருக்கிறது. டுசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் பீபென்ப்ராக் குழு 2013இல் சோதித்தபோது, இளைஞர், முதியவர் இரு சாராருமே வெள்ளையில் கறுப்பு எழுத்தைத்தான் நன்றாகப் படித்தார்கள். வெளிச்சம் கூடும்போது கண்மணி சுருங்கி, விழித்திரையில் பிம்பம் கூர்மையாகிறது. ஆனாலும் டார்க் மோடை விரும்புவோர் விட்டபாடில்லை. பிடிப்பதும் பயன்படுவதும் வெவ்வேறு கேள்விகள். கேள்வித்தாளில் பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்கிறார்கள்.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் கடினமான சோதனை. பழைய கணினித் திரையில் பத்துப் புள்ளி எழுத்துக்குக் கிடைத்தது மொத்தம் 13 பிக்சல் உயரம். அதற்குள் ணகரத்தின் மூன்று சுழி, கிகர கீகார வித்தியாசம், மெய்யின் புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். ஒரு பிக்சல் மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஆங்கிலத்துக்குப் போதுமாயிருந்த திரை நமக்குப் போதாதிருந்தது வெறும் உணர்ச்சியல்ல, கணக்கு. மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்த கிளியர்டைப், துணைப்பிக்சல்களைத் தனித்தனியே எரியவிட்டுக் கிடைத் தெளிவைக் கூட்டியது. சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக நிற்கும் எல்சிடியை மனதில் வைத்த உத்தி அது. துணைப்பிக்சல்களை முக்கோணமாக அடுக்கிய புதிய மானிட்டர்கள் சிலவற்றில் எழுத்தோரங்களில் பச்சையும் ஊதாவும் கசிவது அந்தப் பழைய அனுமானத்தின் மிச்சம். கடையில் மீன் படம் பார்த்து வாங்கியவர் அலுவலகத்தில் எக்செல் திறக்கும்போதுதான் அதைக் காண்பார்.

மெல்லத் தெரியவரும் குறைகள் எல்லாம் இப்படித்தான் வரும். பேனலின் சீரின்மையை இத்துறையில் 'முரா' என்பார்கள். பல நிறக் காட்சியில் அது ஒளிந்துகொள்ளும். கேமரா மைதானத்தின் குறுக்கே வேகமாகத் திரும்பும்போது பச்சைப் பரப்பில் அழுக்குப் பட்டையாக எழும். ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு காணாமலிருக்க முடியாது. செய்திச் சேனலின் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் நாள் முழுதும் எரியும் வீடுகளில் ஓஎல்இடி திரையில் அவற்றின் நிழல் தங்கிவிடுவதற்கு மாதங்கள், ஆண்டுகள்கூடப் பிடிக்கும். இவற்றில் எதுவும் 10 நொடிச் சோதனையில் அகப்படாது.

நெடுநேரம் பார்ப்பவரின் தீர்ப்பைத் தரநிலைக்குள் கொண்டுவந்ததில் பெரும் பங்கு ஆய்வகத்துக்கு அல்ல, ஸ்வீடனின் அலுவலக ஊழியர் கூட்டமைப்பான டிசிஓவுக்கு. எட்டு மணி நேரம் குழாய் மானிட்டர் முன் உட்கார்ந்தவர்களின் புகாரிலிருந்து 1992இல் அவர்களின் முதல் முத்திரை பிறந்தது. டிசிஓ 99 முத்திரைக்கு நொடிக்கு 85 முறையாவது திரை புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அறுபதில் கண் கூசுகிறது என்று ஊழியர் சொன்னதை மறுக்க முடியாத எண்ணாக அது மாற்றியது. மானிட்டரின் மூலையில் அந்த முத்திரையைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது சங்கத்தின் கையெழுத்து என்று தெரிந்திருக்கும்!

குழாய்கள் போயின, சிமிட்டல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. பல ஓஎல்இடி போன்கள் வெளிச்சத்தைக் குறைக்க ஒளியை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து எரியவிடுகின்றன. 240 முறை என்பது பரவலாகக் கண்ட அளவு. நிலைத்த பார்வைக்கு அது தெரியாது. ஆனால் ஜேம்ஸ் டேவிஸும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட சோதனையில், கூர்மையான ஓரங்கள் உள்ள படத்தில் கண் அசையும்போது 500 ஹெர்ட்ஸ் சிமிட்டலைக்கூட மனிதர் உணர்ந்தார்கள். படுக்கையில், விளக்கணைத்து, மிகக் குறைந்த வெளிச்சத்தில் போன் பார்ப்பவர்கள் சிலர் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு போனின் கேமராவைத் திரைமுன் பிடித்து, ஓடும் கறுப்புப் பட்டைகளைச் சான்றாகக் காட்டினார்கள். இப்போது சில சீன நிறுவனங்கள் 1,920, 3,840 ஹெர்ட்ஸ் என்று பெட்டியிலேயே அச்சிடுகின்றன. எந்த வெளிச்ச நிலையில் அந்த எண் பொருந்தும், ஒளி முழுதும் அணைகிறதா, கொஞ்சம் மட்டும் தாழ்கிறதா என்பது பெரும்பாலும் அதில் இராது. எல்இடி விளக்குகளுக்காக 2015இல் வந்த ஐஇஇஇ 1789 பரிந்துரை அதிர்வெண்ணையும் ஆழத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. பயனரின் நீண்டநாள் புகார் ஒன்று கடைசியில் கடையில் ஒப்பிடத்தக்க ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது.

யாருக்கு, எவ்வளவு நேரத்தில், எந்த ஆழத்தில் தலைவலி தொடங்குகிறது என்பதை அறிய வேண்டுமானால் ஆட்களை வாரக்கணக்கில், அவரவர் வீட்டில், அவரவர் ராத்திரி வெளிச்சத்தில் சோதிக்க வேண்டும். பிடி.500 அதற்கு உதவாது. ஓர் அமர்வு அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி, பார்ப்பவர் களைத்தால் மதிப்பெண் கெட்டுவிடும் என்பதால். இங்கே அளக்க வேண்டியிருப்பதோ அந்தக் களைப்பைத்தான்.